வெளியாளை சிஇஓவாக எடுக்கும்போது என்னென்ன பார்க்க வேண்டும்? குடும்ப நிறுவனங்களுக்கு ஒரு வழிகாட்டி

கோவை, திருப்பூர், கரூர், ஓசூர் வட்டாரத்தில் இரண்டாம் தலைமுறை நடத்தும் நிறுவனங்கள் பல, டர்ன்ஓவர் 150, 200 கோடியைத் தொட்டதும் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன. முதலாளி ஒருவரால் எல்லாவற்றையும் பார்க்க முடியவில்லை. பிள்ளைகள் இன்னும் தயாராகவில்லை, அல்லது வேறு துறைக்குப் போய்விட்டார்கள். வெளியிலிருந்து ஒரு சிஇஓவை எடுப்பது என்று முடிவாகிறது. உடனே ஹெச்ஆர் மேனேஜரைக் கூப்பிட்டு, சூப்பர்வைசருக்கும் அக்கவுன்டன்ட்டுக்கும் ஆள் பிடித்த அதே வழியில் தேடச் சொல்கிறார்கள். நௌக்ரியில் விளம்பரம், 200 ரெஸ்யூமே, மூன்று சுற்று இன்டர்வியூ, ஆஃபர் லெட்டர். ஒன்றரை வருடத்தில் வந்தவர் போய்விடுகிறார். "படிச்சவங்களுக்கு நம்ம தொழில் சரிப்படாது" என்ற பேச்சு மட்டும் மிஞ்சுகிறது.

சாதாரண வேலைக்கு ஆள் எடுக்கும்போது வருபவரைச் சோதித்தால் போதும். வேலை என்ன என்பது ஏற்கெனவே தெரியும், அதை அவரால் செய்ய முடியுமா என்பதுதான் கேள்வி. தலைமைப் பதவிக்கு எடுக்கும்போது முதலில் சோதிக்க வேண்டியது உங்களைத்தான். எந்தெந்த முடிவுகளை உங்கள் கையிலிருந்து விடப் போகிறீர்கள் என்பதற்குப் பதில் இல்லாமல் தேட ஆரம்பித்தால், எவ்வளவு திறமையானவர் வந்தாலும் நிலைக்க மாட்டார்.

முதல் மாதம்: ஆளைத் தேடாதீர்கள், அதிகாரத்தை எழுதுங்கள்

ஜேடி (வேலை விவரக் குறிப்பு) எழுதுவது எளிது. "15 ஆண்டு அனுபவம், இன்ஜினியரிங் பட்டம், குழுவை வழிநடத்தும் திறன்" என்று எந்த நிறுவனத்துக்கும் பொருந்துவதுபோல எழுதிவிடலாம். அதை ஒதுக்கிவிட்டு இரண்டு தாள்கள் தயார் செய்யுங்கள்.

முதல் தாளில், மூன்று ஆண்டு முடிவில் என்ன மாறியிருக்க வேண்டும் என்று நான்கைந்து வரி. எல்லாம் எண்ணில் இருக்கட்டும். ஃபவுண்டரியில் (வார்ப்பாலையில்) தரமில்லை என்று ஒதுக்கப்படும் ரிஜெக்‌ஷன் 7 சதவீதத்திலிருந்து 4க்கு வர வேண்டும், டீலர்களிடமிருந்து வரவேண்டிய பாக்கி 95 நாளிலிருந்து 65 நாளுக்கு இறங்க வேண்டும், வட இந்தியாவில் விற்பனை மொத்தத்தில் கால் பங்காக வேண்டும் என்பதுபோல. இப்படி எழுதும்போதே எந்த மாதிரி ஆள் வேண்டும் என்பது தெளிவாகிவிடும். ரிஜெக்‌ஷனைக் குறைப்பவரும் வடக்கே சந்தை பிடிப்பவரும் பெரும்பாலும் ஒரே ஆளாக இருப்பதில்லை. இரண்டும் வேண்டுமென்றால் எது முதலில் என்று இப்போதே முடிவு செய்யுங்கள்.

இரண்டாவது தாள் அதிகாரப் பட்டியல். சிஇஓ தானே முடிவெடுக்கலாம், உங்களிடம் சொல்லிவிட்டு எடுக்கலாம், போர்டுக்கு வர வேண்டும் என்று மூன்று பத்தி போடுங்கள். 200 கோடி டர்ன்ஓவர் உள்ள பம்ப் நிறுவனத்துக்கு அது ஏறத்தாழ இப்படி இருக்கும். மெஷின் வாங்க 25 லட்சம் வரை அவரே, ஒரு கோடி வரை உங்களோடு பேசி, அதற்கு மேல் போர்டு. டீலருக்குக் கூடுதல் தள்ளுபடி 3 சதவீதம் வரை அவரே. ஜிஎம் (ஜெனரல் மேனேஜர்) நிலை வரை ஆள் எடுப்பதும் நீக்குவதும் அவரே. வங்கிக் கடன், புது யூனிட், நிலம் வாங்கல் உங்களுடையவை. வங்கிக்குத் தனிப்பட்ட ஜாமீன் கையெழுத்து போட்டிருப்பது நீங்கள்தான், அதனால் கடன் தொடர்பான முடிவு உங்களிடம் இருப்பதை யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

இந்தப் பட்டியலில் எல்லோரும் எழுதாமல் விடும் வரி உறவுக்காரர் வியாபாரம். காஸ்டிங் மச்சான் ஃபவுண்டரியிலிருந்து வருகிறது, பேக்கிங் அட்டைப்பெட்டி சித்தப்பா மகனிடமிருந்து வருகிறது, வெளி விலையைவிட கிலோவுக்கு 4 ரூபாய் அதிகம் என்றால், புது சிஇஓ முதல் காலாண்டிலேயே அதைக் கண்டுபிடிப்பார். அவர் அதைத் தொடலாமா கூடாதா? கூடாது என்றாலும் பரவாயில்லை, எழுதி வைத்து அவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். சேர்ந்த பிறகு தெரிந்தால், மற்ற எல்லா எண்ணிக்கையையும் அவர் சந்தேகத்தோடு பார்க்க ஆரம்பிப்பார்.

நாட்டின் மிகப் பெரிய நிறுவனங்களே இந்த எல்லைக் கோட்டில்தான் தடுமாறியிருக்கின்றன. இன்ஃபோசிஸில் நிறுவனர் அல்லாத முதல் சிஇஓவாக 2014இல் விஷால் சிக்கா வந்தார். நிறுவனர் தரப்புக்கும் போர்டுக்கும் பொதுவெளியில் மூண்ட சர்ச்சைக்கு நடுவே 2017 ஆகஸ்டில் விலகினார். டாட்டா சன்ஸில் ரத்தன் டாட்டாவுக்கு அடுத்தவரைத் தேட 2010இல் ஒரு குழு அமைத்தார்கள். அந்தக் குழுவிலேயே உறுப்பினராக இருந்த சைரஸ் மிஸ்திரி தேர்வாகி 2012 இறுதியில் தலைவரானார், 2016 அக்டோபரில் நீக்கப்பட்டார். இரண்டு இடத்திலும் தேடலுக்குப் பணமோ ஆட்களோ குறைவில்லை.

இரண்டு தாளையும் குடும்பத்தில் பங்கு வைத்திருக்கும் எல்லோரும் படித்துக் கையெழுத்திட வேண்டும். தம்பி ஒருவர் "பார்த்துக்கலாம்" என்று சொல்லிக் கையெழுத்திடாமல் போனால், தேடலைத் தொடங்காதீர்கள். பின்னால் வரும் சிக்கல் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறது.

பதவிப் பெயரையும் இந்தக் கட்டத்திலேயே தீர்த்துவிடுங்கள். எம்.டி. (நிர்வாக இயக்குநர்) என்றால் அவர் சட்டப்படி இயக்குநராக இருக்க வேண்டும். சிஇஓ இயக்குநராக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. பங்குச் சந்தையில் உள்ள லிஸ்டட் கம்பெனிகளிலும், செலுத்திய பங்கு மூலதனம் 10 கோடி அல்லது அதற்கு மேல் உள்ள பப்ளிக் லிமிடெட் கம்பெனிகளிலும் எம்.டி. அல்லது சிஇஓ, கம்பெனி செக்ரட்டரி, சிஎஃப்ஓ (நிதித் தலைவர்) மூவரும் முழுநேரமாக இருந்தே ஆக வேண்டும் என்கிறது 2013 கம்பெனிகள் சட்டத்தின் 203ஆம் பிரிவு. அந்த இடம் காலியானால் 6 மாதத்துக்குள் நிரப்ப வேண்டும். பிரைவேட் லிமிடெட்டுக்கு எம்.டி., சிஇஓ விஷயத்தில் இந்த நெருக்கடி இல்லை, அதனால் அவசரப்படத் தேவையும் இல்லை. தொழிற்சாலையில் 'ஆக்குபையர்' (சட்டப்படி தொழிற்சாலைக்குப் பதில் சொல்ல வேண்டியவர்) பொறுப்பு கம்பெனி இயக்குநர்களில் ஒருவர்மேல்தான் விழும். வெளியாளை இயக்குநராக்கி அந்தப் பொறுப்பையும் அவரிடம் கொடுப்பதாக இருந்தால், விபத்து வழக்கு வந்தால் என்ன ஆகும் என்பதை அவர் வக்கீலிடம் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே சம்மதிப்பார். அதற்கு நேரம் கொடுங்கள்.

தேடுவது யார், எப்படி?

நல்ல தலைவர்கள் வேலை தேடிக்கொண்டிருப்பதில்லை. விளம்பரம் பார்த்து விண்ணப்பிப்பவர்களில் உங்களுக்கு வேண்டியவர் இருக்கும் வாய்ப்பு குறைவு. ஆகவே வேலையில் இருப்பவரைப் போய்ப் பார்த்துப் பேச வேண்டும்.

வழக்கமான கன்சல்டன்சிகள் ஆள் சேர்ந்த பிறகு ஒரு மாதச் சம்பளத்தை, அதாவது ஆண்டுச் சம்பளத்தில் 8.33 சதவீதத்தைக் கட்டணமாக வாங்குகின்றன. யார் முதலில் ரெஸ்யூமே அனுப்புகிறார்களோ அவர்களுக்குப் பணம் என்பதால் வேகமாக அனுப்புவார்கள், ஆழமாக விசாரிக்க மாட்டார்கள். மெயின்டனன்ஸ் இன்ஜினியருக்கு அது போதும். தலைமைத் தேடலுக்கென்று இருக்கும் நிறுவனங்கள் வேறு முறையில் வேலை செய்கின்றன. ஒரே நிறுவனத்துக்குத்தான் வேலையைக் கொடுக்க வேண்டும், முதல் ஆண்டு மொத்தச் சம்பளத்தில் 25 முதல் 33 சதவீதம் வரை கேட்பார்கள், அதை மூன்று தவணையாக வாங்குவார்கள்: தொடங்கும்போது ஒன்று, வேட்பாளர் பட்டியல் கொடுக்கும்போது ஒன்று, ஆள் சேரும்போது ஒன்று. ஜிஎஸ்டி 18 சதவீதம் தனி.

அவர்களோடு ஒப்பந்தம் போடும்முன் மூன்று கேள்வி கேளுங்கள். உண்மையில் போன் செய்து பேசப் போவது யார், இன்று எதிரே உட்கார்ந்திருக்கும் பார்ட்னரா, அவரிடம் போன வருடம் சேர்ந்த பையனா? எந்தெந்த நிறுவனங்களிலிருந்து ஆள் எடுக்கக் கூடாது என்று அவர்களுக்குக் கட்டுப்பாடு இருக்கிறது? உங்கள் போட்டி நிறுவனங்கள் ஏற்கெனவே அவர்களுடைய வாடிக்கையாளர்களாக இருந்தால், அங்கிருப்பவர்களை அவர்களால் தொட முடியாது. நீங்கள் பாதிக் குளத்தில் மீன் பிடிக்க முழுக் குளத்துக்குக் காசு கட்டுகிறீர்கள். மூன்றாவது, எடுத்தவர் சீக்கிரம் போய்விட்டால் மறுபடி தேடித் தருவது எத்தனை மாதம் வரை?

ரகசியம் காப்பது இங்கே மிக முக்கியம். கிளார்க் இன்டர்வியூவுக்கு வருவது யாருக்கும் செய்தி இல்லை. சிஇஓ வேட்பாளர் ஒருவர் தொழிற்சாலைக்கு வந்தால், கேட் ரிஜிஸ்டரில் செக்யூரிட்டி அவர் பெயரையும் நிறுவனத்தையும் எழுதும் அந்த ஒரு வரி போதும், மாலை டீ நேரத்துக்குள் பேக்டரி முழுக்கப் பரவிவிடும். அடுத்த நாள் அவருடைய முதலாளிக்கும் போய்ச் சேரும். கோவை அவிநாசி ரோடு ஹோட்டல் லாபியும் வேண்டாம், அங்கே உங்களைத் தெரியாதவர் கிடையாது. முதல் சந்திப்புகளைச் சென்னையிலோ பெங்களூரிலோ வைத்துக்கொள்ளுங்கள், அல்லது ஞாயிற்றுக்கிழமை ஆடிட்டர் அலுவலகத்தில்.

கால அளவு: சாதாரண வேலைக்கு மூன்று முதல் ஆறு வாரம். இதற்கு அதிகாரப் பட்டியல் ஒரு மாதம், தேடல் இரண்டு மாதம், சந்திப்பும் விசாரணையும் இரண்டு மாதம், அவருடைய நோட்டீஸ் பீரியட் 90 நாள். மொத்தம் எட்டு மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரிய நிறுவனங்களில் ஆண்டு போனஸ் பெரும்பாலும் மே, ஜூனில் கைக்கு வரும். மார்ச்சில் ஆஃபர் கொடுத்தால் அவர் தயங்குவதற்குக் காரணம் நீங்கள் அல்ல, அந்த போனஸ்.

எதைக் கேட்பது?

இவ்வளவு உயரத்துக்கு வந்தவர் இன்டர்வியூவில் நன்றாகப் பேசத்தான் செய்வார். அதனால் பொதுவான கேள்விகளில் நேரத்தை வீணாக்காதீர்கள். அவர் சாதித்ததாகச் சொல்லும் இரண்டே விஷயங்களை எடுத்துக்கொண்டு ஒவ்வொன்றிலும் ஒரு மணி நேரம் தோண்டுங்கள்.

"டீலர் பாக்கியை 95 நாளிலிருந்து 60க்குக் கொண்டுவந்தேன்" என்கிறார் என்று வையுங்கள். எப்படி? பாக்கி வைக்கும் டீலர்களுக்குச் சரக்கை நிறுத்தினாரா? அப்படியென்றால் விற்பனை எவ்வளவு விழுந்தது, எப்போது மீண்டது? அல்லது வங்கி மூலம் டீலர்களுக்குக் கடன் ஏற்பாடு செய்து பணத்தை முன்கூட்டி வாங்கினாரா? அப்படியென்றால் வட்டி யார் கட்டியது, டீலர் தவறினால் வங்கிக்குப் பொறுப்பு யார்? பொறுப்பு நிறுவனத்தின்மேலேயே இருந்தால் பாக்கி குறையவில்லை, கணக்கில் இடம் மாறியிருக்கிறது. ஸ்டாக்கைக் குறைத்ததாகச் சொன்னால், மார்ச் கடைசி வாரத்தில் டீலர் குடோனுக்குத் தள்ளினாரா என்று பார்க்க ஏப்ரல், மே மாத ரிட்டர்ன் எவ்வளவு என்று கேளுங்கள். லாபம் கூடியதாகச் சொன்னால், மெயின்டனன்ஸை வெட்டி லாபம் காட்டினாரா என்று பார்க்க அந்த இரண்டு வருடம் அதன் செலவு எவ்வளவு என்று கேளுங்கள். உண்மையில் செய்தவர் இந்தக் கேள்விகளை ரசிப்பார், பெயர்களோடும் தேதிகளோடும் சொல்வார், எங்கே சறுக்கியது என்பதையும் சொல்வார். பக்கத்தில் நின்று பார்த்தவர் "டீம் எஃபர்ட் சார்" என்று நழுவுவார்.

கடைசி இரண்டு பேருக்கு உங்கள் கணக்கைக் காட்டுங்கள். ரகசியக் காப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு மூன்று ஆண்டு பேலன்ஸ் ஷீட், பொருள்வாரி விற்பனை, முதல் 20 டீலர்களின் பாக்கி விவரம் கொடுத்து, பத்து நாள் அவகாசம் தாருங்கள். நான்கு பக்கத்தில் அவருடைய கருத்தை எழுதி வந்து இரண்டு மணி நேரம் பேசட்டும். அவர் சொல்லும் தீர்வு சரியா என்பது இரண்டாம்பட்சம். அந்தப் பத்து நாளில் என்ன விளக்கம் கேட்டார், யாரிடம் பேச வேண்டும் என்றார் என்பதைக் கவனியுங்கள். ஒரு கேள்விகூடக் கேட்காமல் அழகான படங்களோடு வருபவர், உங்கள் நிறுவனத்துக்கும் பழைய நிறுவனத்தின் தீர்வையே பூசப் போகிறார். அவரும் உங்களைச் சோதிக்கிறார் என்பதை மறக்க வேண்டாம். "எனக்கு முன்னால் இந்த நாற்காலியில் இருந்தவர் ஏன் போனார்?" என்று அவர் கேட்டால் நேராகப் பதில் சொல்லுங்கள்.

விசாரிப்பது

சாதாரண நியமனத்தில் ரெஃபரன்ஸ் ஒரு சடங்கு. இங்கே அதுதான் தேர்வின் பாதி. குறைந்தது ஏழு பேரிடம் பேசுங்கள்: இரண்டு பழைய மேலதிகாரிகள், இரண்டு சக அதிகாரிகள், அவருக்குக் கீழே வேலை பார்த்த இருவர், ஒரு சப்ளையர் அல்லது டீலர். அவர் கொடுத்த பெயர்கள் மட்டும் போதாது. அவருடைய ஒப்புதலோடு நீங்களும் சிலரைத் தேடிக்கொள்ளுங்கள். இப்போது வேலை பார்க்கும் இடத்தில் மட்டும், அவர் ராஜினாமா கொடுக்கும்வரை யாரிடமும் மூச்சு விடக் கூடாது. அது அவருடைய பிழைப்பில் கை வைப்பது.

பேசுவது நிறுவனத்தின் முதலாளியாகவோ போர்டு உறுப்பினராகவோ இருக்கட்டும், ஹெச்ஆர் வேண்டாம். "எப்படிப்பட்டவர்?" என்று கேட்டால், "நல்ல மனுஷன் சார், குறை சொல்ல ஒண்ணுமில்ல" என்ற பதில்தான் வரும். "அவருக்குக் கீழ இருந்தவங்கள்ல யார் இப்ப ஜிஎம் ஆகியிருக்காங்க?" என்று கேளுங்கள். ஆள் வளர்த்தவரா என்பது தெரிந்துவிடும். "எந்த மாதிரி முதலாளிகிட்ட அவருக்குச் சரிப்படாது?" என்று கேளுங்கள். இதைக் குறையாக நினைக்காமல் மனம் திறந்து சொல்வார்கள், "கூடவே நின்னு கேள்வி கேட்டுட்டே இருந்தா அவருக்கு ஆகாதுங்க" என்பதுபோல. உங்களுடைய சுபாவம் அதுதான் என்றால் உங்களுக்கு விடை கிடைத்துவிட்டது.

ஆவணங்களையும் விட வேண்டாம். பி.எஃப். யுஏஎன் (பி.எஃப். உறுப்பினரின் பொது எண்) சர்வீஸ் ஹிஸ்டரியை அவரையே எடுத்துத் தரச் சொன்னால், எந்த நிறுவனத்தில் எப்போது சேர்ந்தார், எப்போது விட்டார் என்பது ரெஸ்யூமேயோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்கலாம். நிறுவனம் தரும் வரிப் பிடித்தச் சான்றான ஃபார்ம் 16 சம்பளத்தைச் சொல்லும். வேறு கம்பெனிகளில் இயக்குநராக இருக்கிறாரா என்பதைக் கம்பெனி விவகார அமைச்சகத் தளத்தில் பார்க்கச் சொல்லி ஆடிட்டரிடம் கொடுங்கள்.

சம்பளமும் ஒப்பந்தமும்

ஊழியருக்கு ஆறு மாத புரொபேஷன் போடுகிறோம். இருபது ஆண்டு வேலையை விட்டு, பிள்ளைகளைப் பள்ளி மாற்றி வருபவரிடம் புரொபேஷன் பேசினால் எழுந்து போய்விடுவார். அதற்குப் பதில், இரண்டு பக்கமும் மூன்று மாத நோட்டீஸ், காரணமில்லாமல் நீங்கள் அனுப்பினால் ஆறு மாதச் சம்பளம் என்று எழுதுவதே நடைமுறை. அதிகாரப் பட்டியலை ஒப்பந்தத்தின் இணைப்பாகவே சேர்த்துவிடுங்கள்.

நிலையான சம்பளம் மூன்றில் இரண்டு பங்கு, இலக்கைப் பொறுத்தது ஒரு பங்கு என்பது நல்ல தொடக்கம். இலக்கை விற்பனையில் மட்டும் கட்டினால் கடனுக்கு அள்ளிக் கொடுத்து விற்பார்கள். அதனால் வசூலும் லாபமும் கட்டாயம் சேர வேண்டும், கணக்கு ஆடிட் முடிந்த பிறகே தொகை தர வேண்டும். நீண்டகாலத்துக்கு இசாப் (ஊழியருக்குப் பங்கு வாங்கும் உரிமை) கொடுக்க நினைத்தால், கம்பெனியாக இருந்தால்தான் முடியும். பார்ட்னர்ஷிப்பாக நடக்கும் திருப்பூர் ஏற்றுமதி நிறுவனங்களால் பங்கு தர முடியாது. கம்பெனியிலும் பங்கு உரிமை வழங்கிய நாளிலிருந்து குறைந்தது ஓராண்டு கழித்தே அது கைக்கு வரும்படி வைக்க வேண்டும். வெளியாள் பங்குதாரர் ஆவதைக் குடும்பம் விரும்பாவிட்டால், நிறுவன மதிப்பு உயர்வதில் ஒரு பங்கை நான்காம் ஆண்டில் ரொக்கமாகத் தருவதாக எழுதலாம்.

"வேலையை விட்ட பிறகு இரண்டு வருடம் போட்டி நிறுவனத்தில் சேரக் கூடாது" என்ற வரியை நம்பி இருக்காதீர்கள். 1872 இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆம் பிரிவுப்படி அது செல்லாது. ரகசியம் காக்க வேண்டும் என்ற வரி செல்லும். நோட்டீஸ் காலத்தில் சம்பளம் கொடுத்து வீட்டில் உட்காரவைக்கும் வரியும் உதவும்.

வெளியூரிலிருந்து வருபவர் என்றால் அவருடைய குடும்பத்தை இரண்டு நாள் கோவைக்கு வரவழையுங்கள். மனைவியின் வேலையும் பிள்ளைகளின் பள்ளியும் முடிவாகாமல் கையெழுத்திட்டவர், கடைசி வாரத்தில் வரமாட்டேன் என்பார். ராஜினாமா கொடுத்த மறுநாளே பழைய நிறுவனம் சம்பளத்தைக் கூட்டித் தருவதாகச் சொல்லும். நோட்டீஸ் பீரியட் முழுக்க வாரம் ஒருமுறை நீங்களே பேசுங்கள். சேரும் தேதியை இரண்டாவது முறை தள்ளிக் கேட்டால், பட்டியலில் அடுத்து இருந்தவரோடு தொடர்பைப் புதுப்பித்துக்கொள்ளுங்கள்.

அவர் வருவதற்கு முன்னும் வந்த பின்னும்

இருபத்தைந்து வருடமாக இருக்கும் ஒர்க்ஸ் மேனேஜர் அந்த இடம் தனக்கு வரும் என்று நினைத்திருக்கலாம். அறிவிப்புப் பலகையில் பார்த்து அவர் தெரிந்துகொள்ளக் கூடாது. முதலாளி தனியாக உட்கார்ந்து, ஏன் இந்த முடிவு, அவருடைய இடம் என்ன என்று சொல்ல வேண்டும். இதைத் தவிர்த்த நிறுவனங்களில் புது சிஇஓவுக்குக் கேட்ட விவரம் எதுவும் நேரத்துக்கு வராது. குடும்பத்தின் இளையவர் நிறுவனத்தில் இருந்தால் அவர் சிஇஓவுக்குக் கீழேயா, நேராக உங்களிடமா என்பதும் முதல் நாளே எல்லோருக்கும் தெரிய வேண்டும்.

பெரும்பாலும் சறுக்குவது வாட்ஸ்அப்பில். காலை ஏழு மணிக்கு புரொடக்‌ஷன் குரூப்பில் நேற்றைய கணக்கு வருகிறது. முதலாளி பார்த்துவிட்டு, "லைன் 2 ஏன் குறைவு? இன்று ஓவர்டைம் போடவும்" என்று தட்டிவிடுகிறார். கெட்ட எண்ணம் கிடையாது, முப்பது வருடப் பழக்கம். ஆனால் எட்டு மணிக்கு சிஇஓ ஆபீசுக்கு வரும்போது முடிவு எடுத்தாகிவிட்டது. மூன்று முறை இது நடந்தால் மேனேஜர்கள் யாரும் அவரிடம் கேட்க மாட்டார்கள். குரூப்பிலிருந்து வெளியே வாருங்கள், முடியாவிட்டால் படித்துவிட்டுப் பேசாமல் இருங்கள். பழைய ஆட்கள் நேராக உங்கள் அறைக்கு வந்தால் ஒரே கேள்வி: "சிஇஓகிட்ட பேசிட்டீங்களா?" உங்களுக்குச் சொல்ல வேண்டியது இருந்தால், வாரம் ஒரு மணி நேரம் அவரோடு மட்டும் உட்கார்ந்து சொல்லுங்கள். முதல் 100 நாளில் பெரிய மாற்றம் கேட்காதீர்கள். டீலர்களையும் ஷாப் ஃப்ளோரையும் பார்த்துவிட்டு எழுத்தில் ஒரு திட்டம் கேளுங்கள். அவர் சேரும் மாதமும் கோடை பம்ப் சீசன் நடுவில் வேண்டாம்.

ஆறாவது மாதமும் பன்னிரண்டாவது மாதமும் முதல் தாளை எடுத்து இருவரும் சேர்ந்து பாருங்கள். எண்கள் நகர நேரமாகும். ஆனால் நல்ல ஆட்கள் அவரை நம்பி அவரிடம் போகிறார்களா, கெட்ட செய்தியை அவரே முதலில் உங்களிடம் கொண்டுவருகிறாரா என்பது ஆறு மாதத்தில் தெரிந்துவிடும். இரண்டும் இல்லையென்றால் ஒன்பதாம் மாதத்துக்குள் பேசி முடித்துவிடுங்கள். தேடல் நிறுவனம் மாற்று ஆள் தரும் காலம் ஆறு முதல் பன்னிரண்டு மாதம்தான். பதவியின் பொறுப்பை நீங்கள் இடையில் மாற்றியிருந்தால் அந்த உத்தரவாதம் பொருந்தாது என்று பல ஒப்பந்தங்களில் ஒரு வரி இருக்கும். கையெழுத்திடும்முன் அதைத் தேடிப் படித்துவிடுங்கள்.